அத்தா நடந்த மைல்

அத்தாவுக்குச் சர்க்கரை வந்ததால்தான் எனக்கு சைக்கிள் வந்தது. எங்கள் வீட்டில் அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவோம். டைல்ஸ் கடை வைத்திருந்தார். அடியில் கேட்டால் மில்லிமீட்டரிலும், மில்லிமீட்டரில் கேட்டால் அடியிலும் நின்ற இடத்திலேயே கணக்குச் சொல்லி விற்பார். அப்படி நின்றே பழகியவரை தினமும் மூன்று கிலோமீட்டர் நடக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். வழியெல்லாம் போண்டா கடை. தனியே அனுப்ப அம்மாவுக்குத் தைரியமில்லை. நான் சைக்கிளில் கூடவே போய்க் காவல் காக்க வேண்டும். மற்ற நேரத்தில் சைக்கிளைத் தொடக்கூடாது; பொழிச்சலூர் தெருக்களின் மேல் அம்மாவுக்கு அவ்வளவு நம்பிக்கை!

நடையை அளந்தது, அமெரிக்காவிலிருந்த மாமா கொடுத்த பழைய போன். அது ஒன்றரை காட்டியதும் திரும்பிவிடுவோம். அதற்குச் சற்று முன்னால் ஓர் இறக்கம் வரும். அடடா, அந்த இறக்கம்! பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டுப் பறப்பேன். "பிரேக்கப் புடி, பிரேக்கப் புடி!" என்று அத்தா பின்னாலேயே ஓடி வருவார். திரும்பும்போது மேட்டில் சைக்கிளை அவரே தள்ளுவார். அந்த இறக்கத்துக்காகத்தான் நான் விடியற்காலையில் எழுந்தேன், அவருடைய சர்க்கரைக்காக இல்லை.

ஒரு லீவில் மாமா வந்தார். போனை வாங்கிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "என்ன மச்சான், இது மைல் கணக்குல காட்டுது! மூணு கிலோமீட்டர்னு நெனச்சு டெய்லி அஞ்சு நடந்திருக்கீங்க!"

"ஐயையோ, மனுஷன் துரும்பா எளைச்சது இதனாலதானா!" என்று அம்மா பதறினாள்.

"பேஜார் புடிச்ச போனு!" என்று அத்தா நெற்றியில் அடித்துக்கொண்டார்.

மாமா உடனே அதைக் கிலோமீட்டருக்கு மாற்றினார். "இனிமே ரேஷன் கடையோட திரும்பிடுங்க, போதும்." எனக்கு அழுகை முட்டியது. இறக்கம் ரேஷன் கடைக்கு அப்பால் எங்கேயோ இருந்தது.

மறுநாள் ரேஷன் கடை வந்ததும் இறங்கி, சைக்கிளைத் திருப்பினேன். அத்தா போனை எடுத்துப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"இன்னும் ஒண்ணரை வரலியேம்மா. ஏறு, ஏறு."

எனக்குத் தலைகால் புரியவில்லை. அமெரிக்காவில் இருந்து என்ன, மாமாவுக்கு ஒரு போனைக்கூட ஒழுங்காக மாற்றத் தெரியவில்லையே என்று அவருக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டே இறக்கத்தை நோக்கி மிதித்தேன். அத்தாவைச் சந்தேகப்பட எனக்குத் தோன்றவே இல்லை.