"உடனே வரணும்" என்ற டாக்டரம்மா

திருப்பதியில் என் மனைவிக்கு வலிப்பு வைத்தியம் பார்த்த டாக்டரம்மாவுக்குக் குரல் பெரியது. தான் சொன்னதை நம்மையும் திருப்பிச் சொல்லவைப்பார். பழைய மாத்திரையோடு புதிதாக ஒன்றைச் சேர்த்தபோது, "முழு டோஸாவே எழுதிடுங்கம்மா, வலிப்பு சீக்கிரம் நிக்கட்டும்" என்றேன்.

"அவசரப்பட்டா உடம்பெல்லாம் தடிச்சிடும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏத்தணும். பழசை நிறுத்தக்கூடாது. தடிப்பு தெரிஞ்சா உடனே வரணும். எங்கே, சொல்லுங்க!"

இருவரும் ஒப்பித்தோம்.

அடுத்த வாரமே அவள் கையில் சிவப்புப் புள்ளிகள். பயந்துபோய் எங்கள் ஊர் சத்தியவேட்டிலிருந்து முதல் பஸ்ஸில் திருப்பதிக்கு ஓடினோம். டாக்டரம்மா நன்றாகப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "கொசு கடிச்சிருக்குது!"

"இதுக்கா அடிச்சிப் புடிச்சிக்கினு வந்தோம்?" என்று என் மனைவி கூசிப்போனாள். டாக்டரம்மா எழுந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இப்படித்தான் வரணும்!"

இப்போது அவளுக்கு வலிப்பு வருவதில்லை. கொசுக்கடிக்கு அத்தனை சந்தோஷப்பட்ட டாக்டரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.