பெரகலயில் எனக்கு ஊற்றாத வைன்

பெரகல பக்கம் வீட்டோடு சேர்ந்த ஒரு கடையில் பழ வைன் செய்து விற்கிறார்கள், போனால் ருசி பார்க்கவும் தருவார்கள் என்று கேள்விப்பட்டேன். வர மாட்டேன் என்ற என் வீட்டுக்காரரை இன்று பதுளையிலிருந்து இழுத்துக்கொண்டு போனேன்.

ஒவ்வொரு டிசம்பரிலும் நத்தார் பண்டிகைக்கு எங்கள் வீட்டில் வைன் போடுவது நான்தான். அதிலும் அவர் குடிப்பது ஒரு வாய்தான்; வைன் என்றாலே அவருக்கு, கோயிலில் திருவிருந்துக்குக் கொடுப்பதுதான்.

கடைக்காரர் மூன்று கிளாஸ் வைனை அவர் முன்னால் வைத்தார். எனக்கு நெல்லி ஜூஸ்.

"ருசி பாக்க வந்தது நாந்தாங்க," என்றேன்.

"பொம்பளைங்களுக்கு ஊத்துறதில்லங்க மேடம். சார் குடிச்சிட்டு சொல்லுவாரு."

சார் கிளாஸை இரண்டு கையாலும் ஏந்தி, தலையைக் குனிந்து, கண்ணை மூடிக் குடித்தார். 'ஆமென்' சொல்லாததுதான் பாக்கி.

"எப்படி இருக்கு சார்?"

"இனிப்பா இருக்குங்க."

மூன்றுக்கும் இதே பதில். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெளியே வந்ததும் சார் கண்ணெல்லாம் சிவந்து, வேன் சாவியை என்னிடம் நீட்டினார்.

கடைக்காரர் பதறிவிட்டார். "ஐயோ, மேடமா ஓட்டப் போறீங்க? ரோடு பூரா வளைவாச்சே!"

"ஆமாங்க. ஜூஸ் குடிச்சவதானே ஓட்டணும்."

வழி முழுக்கப் பக்கத்தில் குறட்டை. பதுளை வந்ததும் எழுப்பி, "மூணுல எது நல்லாருந்துச்சு?" என்று கேட்டேன்.

கொட்டாவி விட்டுக்கொண்டே என்னைக் கேட்கிறார்: "ஒனக்கு ஜூஸ் நல்லாருந்துச்சா?"

வருகிற நத்தாருக்கு இவர் கிளாஸில் என்ன ஊற்றலாம்? நீங்களே சொல்லுங்கள்.