அம்மா போன நான்கு ஞாயிறுகள்

நூற்றிருபது மணி நேரம் சமூக சேவை செய்தால் கடைசி வருடக் கட்டணத்தைப் பல்கலைக்கழகமே ஏற்றுக்கொள்ளும் என்று நோட்டீஸ் பலகையில் ஒட்டியிருந்தார்கள். நம்ப முடியாமல் அதை மூன்று தடவை படித்தேன். அப்பா இல்லாத வீடு எங்களுடையது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த அம்மா, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறாள். தைத்து வரும் துணியில் தொங்கும் நூலைக் கத்தரித்து எடுக்கிற வேலை. அதைச் செய்தே என்னை இரண்டு வருடம் படிக்க வைத்துவிட்டாள். மூன்றாம் வருடத்துக்கு வழியில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும், வாய்விட்டுச் சொன்னதில்லை. உதவித்தொகை கிடைத்தால் டிகிரி, கிடைக்காவிட்டால் அம்மாவுக்குப் பக்கத்து மேசை. அவ்வளவுதான் விஷயம்.

பல்லடம் போகிற வழியில் இருந்த ஒரு முதியோர் இல்லத்தை எனக்கு ஒதுக்கினார்கள். ஞாயிறுதோறும் ஆறு மணி நேரம். முடிந்ததும் இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் என் கார்டில் கையெழுத்துப் போட வேண்டும். சேவை மனப்பான்மை என்னிடம் பொங்கி வழிந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். முதல் இரண்டு வாரம் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். அங்கே இருந்தவர்களுக்கும் என்னைப் பற்றிப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. நான் தலை வாரினால் வலிக்கிறது என்பார்கள். ஆனாலும் ஒரு வாரம் விடாமல் பதினாறு ஞாயிறு போனேன். தொண்ணூற்றாறு மணி நேரம் சேர்ந்தது.

அப்போதுதான் மஞ்சள் காமாலை வந்தது. ஒரு மாதம் படுக்கையைவிட்டு எழுந்திருக்கக் கூடாது என்றார் டாக்டர். கார்டைக் கொடுக்க வேண்டிய கடைசி நாளுக்கும் ஒரு மாதம்தான் இருந்தது. இன்னும் இருபத்து நான்கு மணி நேரம் பாக்கி. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா எனக்குக் கஞ்சி வைத்துவிட்டு, என் பையிலிருந்து கார்டை எடுத்துத் தன் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

அவளுக்கு அதில் ஒரு உறுத்தலும் இல்லை. எங்கள் லைன் வீடுகளில் இது வழக்கம்தான். பக்கத்து வீட்டு அக்காவுக்குக் காய்ச்சல் என்றால் அவள் தங்கை போய் அந்த மேசையில் உட்காருவாள். தங்கைக்கு முடியாவிட்டால் எதிர்வீட்டுக்காரி போவாள். சூப்பர்வைசர் முகத்தைப் பார்க்க மாட்டார், சாயங்காலம் எத்தனை பீஸ் முடிந்தது என்றுதான் பார்ப்பார். பள்ளிக்கூட லீவில் நானே இரண்டு நாள் அம்மாவுக்காகப் போய் உட்கார்ந்திருக்கிறேன். ஆள் மாறுவது எங்களுக்குக் குற்றமில்லை, மேசை காலியாகக் கிடப்பதுதான் குற்றம். இல்லத்து அம்மாளும் இதே ஊரில் புழங்குகிறவர்தானே. மகளுக்கு முடியவில்லை, அதனால் தாய் வந்திருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டு, என் பெயர் போட்ட கார்டில் வாராவாரம் ஆறு மணி நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

உடம்பு தேறியதும், கடைசி நாளுக்கு முந்தின நாள் கார்டில் முத்திரை வாங்க இல்லத்துக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அங்கிருந்தவர்கள் கேட்டது, உன் அம்மா எங்கே என்பதைத்தான். நாலே வாரத்தில் அவள் எல்லோருக்கும் நகம் வெட்டி, பேன் பார்த்து, ஒவ்வொருவருடைய மருமகளையும் விலாவாரியாகத் திட்டிவிட்டு வந்திருக்கிறாள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

கார்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு விதி இருந்தது. மாணவர் நேரில் செய்த மணி நேரம் மட்டுமே சேரும், பொய் இருந்தால் விண்ணப்பம் முழுவதும் ரத்து. தமிழில்தான் போட்டிருந்தது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும். படித்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

நேர்காணலுக்குப் பெற்றோரையும் அழைத்து வரச் சொன்னார்கள். முந்தின நாள் சாயங்காலம், இல்லத்துக்குப் போனதைப் பற்றி அங்கே வாயைத் திறக்காதே என்று அம்மாவிடம் சொல்லிவைக்க நினைத்தேன். அவள் இருப்பதிலேயே நல்ல புடவையை எடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அதைச் சொல்வதானால், நீ செய்தது தப்பு என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். என்னால் ஆரம்பிக்க முடியவில்லை. அம்மாவிடம் அவர்கள் என்ன பெரிதாகக் கேட்டுவிடப் போகிறார்கள் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். மடச்சி.

மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் இந்த உதவித்தொகைக்கு நிதி கொடுக்கும் பனியன் கம்பெனி முதலாளி, வெள்ளை வேட்டி சட்டை. இன்னொருவர் பல்கலைக்கழகத்துப் பேராசிரியை. என்னிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் நன்றாகவே பதில் சொன்னேன். எழுந்திருக்கிற நேரத்தில் முதலாளி, மரியாதைக்காக ஒரு வார்த்தை பேச வேண்டும் என்பதுபோல அம்மா பக்கம் திரும்பினார். பொண்ணு வாராவாரம் இப்படிப் போனதில் உங்களுக்கு ஒன்றும் சங்கடமில்லையே என்று கேட்டார்.

"சங்கடம் என்ன சார் சங்கடம். இவ மஞ்சக்காமாலயில கெடந்தப்ப நாலு ஞாயித்துக்கெழமயும் நான்லா போயி நின்னேன். ஒரு மணி நேரங்கூடக் கொறைக்கல."

மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன். அவள் காலை நகர்த்திக்கொண்டு சிரித்தாள். பேராசிரியை என் கார்டை மெதுவாகத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். முதலாளி அம்மாவைப் பார்த்து, வெளியே உட்காருங்கள், டீ கொண்டு வரச் சொல்கிறேன் என்றார். அம்மா கும்பிட்டுவிட்டுப் போனாள்.

கதவு சாத்தியதும் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீ தப்புப் பண்ணீட்டேன்னு சொல்லலீங் கண்ணு. உங்கம்மா மனசு யாருக்கும் வராது. ஆனா கார்டுல உன்ற பேரு இருக்குது, வந்தது அவங்க. நாளைக்கு ஒருத்தரு கேட்டா நாங்க என்னன்னு பதில் சொல்றது?"

அந்த நான்கு வாரத்தையும் கழித்துவிடுங்கள், நானே போய்ச் செய்து முடிக்கிறேன் என்றேன். கடைசித் தேதி முடிந்துவிட்டது என்றார் பேராசிரியை. தொண்ணூற்றாறு மணி நேரம் நானே செய்தது, அதற்காவது பாதி கொடுங்கள் என்றேன். பாதி என்று விதியில் இல்லையாம். உங்கள் கம்பெனியிலும் இப்படித்தானே சார், அக்கா வராவிட்டால் தங்கையை உட்கார வைக்கிறீர்கள் என்று நாக்கின் நுனி வரை வந்தது. கேட்கவில்லை. அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவரோ என் கண்ணைப் பார்த்து உண்மையிலேயே வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவு மரியாதையாக ஒருவர் கையை விரிக்கும்போது சண்டை போட எனக்குத் தெரியவில்லை. தேங்க்ஸ் சொல்லிவிட்டுதான் எழுந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

வெளியே அம்மா டீயைக் குடித்து முடித்திருந்தாள். கிடைத்துவிட்டதா என்று முகத்தாலேயே கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். ஏன் என்று கேட்டாள். அவள் சொன்ன ஒரு வார்த்தையால் போனது என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது? அதைச் சொல்வதைவிட நான் கம்பெனிக்கே போய்விடலாம் என்று தோன்றியது. போகத்தான் போகிறேன் என்பதும் அப்போதே தெரிந்துவிட்டது. நேரம் பத்தவில்லையாம் என்று வாயில் வந்ததைச் சொன்னேன்.

அம்மா டீ டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு புடவைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"இதுக்கா அழுத? இன்னும் எத்தன மணி நேரம் வேணும்னு உள்ள போயி கேட்டுட்டு வா. வார ஞாயித்துக்கெழமயில இருந்து நானே போறேன்."