பூநாரைக்குத் தெரியாத சட்டை

ரஞ்சித் ஏரியில் செத்துப்போன அன்றைக்கு, தசரதன் கடைக்கு அவன் தொள்ளாயிரம் ரூபாய் பாக்கி.

ஆரம்பாக்கம் நெடுஞ்சாலையோரம் மூன்று ஷட்டர் போட்ட யூனிஃபார்ம் கடை தசரதனுடையது. மூன்றாம் வகுப்பைத் தாண்டாத மீனவர் வீட்டுப் பிள்ளை. வலையை உதறிவிட்டு, பட்டணத்திலிருந்து மூட்டை சுமந்து வந்து, புளியமரத்தில் கயிறு கட்டிக் காக்கிச் சட்டை தொங்கவிட்டவர். இன்றைக்குத் துறைமுகத்து வாட்ச்மேன் முதல் போலீஸ் செலக்சனுக்கு ஓடுகிற பையன் வரை அவரிடம்தான் வந்தாக வேண்டும். பூட்ஸைக் கையில் தூக்கிப் பார்த்தே எத்தனை மாதம் உழைக்கும் என்று சொல்லிவிடுவார். "படிச்சவன் லோன் வாங்கி எதிர்ல கடை வெச்சான், ஆறு மாசத்துல பூட்டிக்கினு போய்ட்டான். நான் நாக்க வெச்சே கடை கட்னவன்" என்பார். அது பொய்யும் இல்லை.

கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் துணி வாங்க வருவதில்லை, விறைப்பு வாங்க வருகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஏடிஎம் வாசலில் உட்கார்ந்தே கூன் விழுந்த கிழவர்கூட, தோள்பட்டி வைத்த சட்டையை மாட்டிக் கண்ணாடி முன் நின்றால் நெஞ்சை நிமிர்த்துவார். "சலாம் சார்" என்பார் தசரதன். விலை அங்கேயே படிந்துவிடும்.

பனிக்காலத்தில் வேறு கூட்டம் வரும். ஏரிக்குப் பூநாரை வந்துவிட்டால், பின்னாலேயே நீளக் கேமராக்காரர்களும் வந்துவிடுவார்கள். அவர்களுக்கு இலையும் மட்டையும் அச்சடித்த பச்சை உடுப்புதான் வேண்டும். பறவை கண்ணுக்கு ஆளும் புதரும் ஒன்றாகத் தெரிய வேண்டுமாம். அவர்களைப் படகில் ஏற்றிப் போய்க் காட்டுகிறவன் ரஞ்சித், தசரதனுக்குப் பங்காளி வீட்டுப் பிள்ளை. மீன்பாட்டைவிட அதில் துட்டு ஜாஸ்தி. ஒருநாள் கடையில் வந்து நின்றான்.

"பெரிப்பா, என் செவப்புச் சட்டையப் பாத்து பறவைங்க எழும்பிப் போவுதாம். கேமராக்காரன் திட்றான்."

"இந்தா, இதப் போட்டுக்கோ. பூநாரைக்கு இன்னா, உன் பொண்டாட்டிக்கே உன்னத் தெரியாது நைனா!" என்று பேன்ட், சட்டை, தொப்பி மூன்றையும் அவன் தோளில் போட்டார்.

"துட்டு கொறையுது பெரிப்பா."

"நான் இப்போ கேட்டனா?"

மார்கழியில் வாடைக்காற்று முறுக்கிக்கொண்டு அடித்த ஒரு காலை. கேமராக்காரர்களைக் கரையில் இறக்கிவிட்டு ரஞ்சித் தனியாகத் திரும்பிய படகு கவிழ்ந்தது. மண்டையில் படகு அடித்திருக்க வேண்டும். அவன் தம்பி சரவணன் நாலு படகோடு தேடினான். கோரைப் புதர் ஓரமாக இரண்டு தரம் போனார்கள். பச்சையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் தரம் துடுப்பில் தட்டுப்பட்டான். இரண்டு கையாலும் கோரையைப் பிடித்திருந்தான்.

"எட்த்தப்போ கை இன்னும் வெறைக்கல. மொதத் தரமே பாத்திருந்தா..." என்று சுடுகாட்டில் சரவணன் சொன்னான். யார் முகத்தையும் பார்த்துச் சொல்லவில்லை. சிவப்புச் சட்டையைப் பற்றி யாரும் பேசவும் இல்லை.

மறுநாள் தசரதன் பச்சை உடுப்புகளை எல்லாம் இறக்கி உள்ளே போட்டார். கேட்டு வந்தவர்களிடம் "ஸ்டாக் இல்ல" என்றார். அந்தத் துணிக்கு இனி ஒரு பைசா தொடுவதில்லை என்று மனதுக்குள் முடிவு கட்டினார்.

செத்தவன் பேரில் நின்ற சில்லறைக் கடனை எல்லாம் கருமாதிக்குள் தீர்த்துவிடுவது அவர்கள் குப்பத்து வழக்கம். கருமாதிக்கு முந்தின நாள் ரஞ்சித்தின் மனைவி பானுப்ரியா கடை ஏறி வந்தாள்.

"மாமா, அவரு உனுக்கு எவ்ளோ தரணும்?"

"ஒண்ணும் இல்லமா. அவன் அப்பவே குட்த்துட்டான்."

"பொய் சொல்லாத மாமா. தொள்ளாயிரம். அவரு என்கிட்ட சொல்லிட்டாரு."

"புள்ளைங்கள வெச்சிக்கினு நீ இன்னா பண்ணுவ? எட்த்துனு போம்மா. இது வந்துதான் எனக்கு நெறையப் போவுதா?"

"டீக்கடை கோபால் இருவது ரூபாய வாங்கிக்கினாரு. உனுக்கு மட்டும் இன்னா? பெரிய கடைக்காரன்னு காட்றியா?"

அவரை அப்படிக் கேட்டவர்கள் இதுவரை யாரும் இல்லை.

"அதில்லமா... அந்தத் துணிக்குப் போய்..."

"நல்லா மறைச்சுது மாமா உன் துணி." அவள் குரல் உயரவில்லை. "நான் பழி போட வரல. நீ வாங்காம வுட்டா அவரு கடங்காரனாவே நிப்பாரு. உன் மனசு ஆறணும்னு அவர நிக்க வெப்பியா?"

தசரதன் நாற்காலியை விட்டு எழுந்தார். விலை பேசி, அதட்டி வாங்கியே பழகிய கை. அதை ஏந்தி நீட்டினார். இடது கையால் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

பானுப்ரியா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். நண்டு விற்ற பணம், ஈரம் காயாத தாள்கள். ஒவ்வொன்றாக நீவி, அவர் உள்ளங்கையில் வைத்து, கடையில் நின்றவர்கள் காதில் விழும்படி எண்ணினாள்.