வேலைக்காட்டுக்குப் போன சோறு

என் வீட்டுக்காரர் ரெங்கசாமி கிராணிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. குடியில்லை, சூதில்லை, மனு எழுதுவார். மலாயாவில் அசாம் ஜாவா என்ற ஊர்ப் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டம். தோட்டத்து ஆபீஸில் குமாஸ்தா வேலை முடிந்ததும், லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் சனங்களுக்கெல்லாம் இங்கிலீஷில் மனு எழுத உட்கார்ந்துவிடுவார். கூரை ஒழுகுகிறது என்று ஒருவன் சொன்னால் போதும், இவர் மனுவில் வெள்ளமே வந்து அவன் பிள்ளைகள் மிதக்கும். நாலு பக்கத்துக்குக் குறைந்து எழுதினால் அவருக்குத் தூக்கம் வராது.

ஐம்பத்திரண்டாம் வருஷம் பால்மரம் வெட்டும் செல்லனின் மகள் கலாவதி சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸ் பண்ணினாள். இங்கிலாந்தில் நர்ஸ் படிக்க உபகாரச் சம்பளம் தருகிறார்கள் என்று பேப்பரில் போட்டிருந்தது. அது கிடைக்காவிட்டால் தை மாதம் ராசா என்ற ஊரில் இருக்கும் முறைமாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டியதுதான். பையன் நல்லவன்தான், ஆனால் பெண்ணுக்குப் படிக்க ஆசை. அவளே நன்றாக எழுதுவாள். செல்லன்தான் கேட்கவில்லை. கிராணி ஐயா எழுதினால்தான் எடுபடும் என்று எங்கள் வீட்டுக்கு இழுத்து வந்துவிட்டான்.

உன்னைப் பற்றி எழுது என்று படிவத்தில் ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டிருந்தார்கள். இவர் தனித்தாளில் எழுதிப் பார்த்து, கலாவதியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அவள் படித்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள். விஷயம் தெரிந்ததும் செல்லனுக்கு முகம் செத்துவிட்டது.

“நான் எப்பய்யா செத்தேன்?”

“பேப்பர்லதான்லா. அப்பன் இருந்தா யாருப்பா இரக்கப்படுவா?”

நான் போட்ட சத்தத்தில் செல்லனுக்கு உயிர் வந்தது. இரக்கம் வேண்டாம், அவள் செய்ததை எழுதுங்கள் என்றேன். சின்ன வயதில் அம்மாவுக்கு வேலைக்காட்டுக்குச் சோறு கொண்டு போனதையும், பால் வெட்டும் உளி பட்டு வெட்டுக்காயத்தோடு வந்தவர்களுக்குத் துணி கிழித்துக் கட்டுப் போட்டதையும் கலாவதி சொன்னாள். அதிலிருந்துதான் நர்ஸ் ஆசையாம். இவர் தலையை ஆட்டிக்கொண்டே படிவத்தில் முதலில் அவள் கையெழுத்தை வாங்கிக்கொண்டார். பிறகு கதவைச் சாத்தி எழுதி, மை காயுமுன் ஒட்டி அனுப்பிவிட்டார். யார் கண்ணிலும் காட்டவில்லை.

வேலைக்காடு என்றால் ரப்பர் மரம் வெட்டும் இடம். தோட்டத்துக் குழந்தைக்கும் அது தெரியும். ஆனால் அது அவசரகாலம். நிஜக் காட்டுக்குள் வெள்ளைக்கார அரசாங்கத்தோடு சண்டை போடும் கம்யூனிஸ்டுகள் இருந்தார்கள். அவர்களுக்கு ஒரு பிடி அரிசி போய்விடக் கூடாதென்று லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டு, கேட்டில் எங்கள் தூக்குச்சட்டியைக்கூடத் திறந்து பார்த்தார்கள்.

பத்து நாள் கழித்து போலீஸ் ஜீப் வந்து கலாவதியையும் செல்லனையும் கோலசிலாங்கூர் ஸ்டேஷனுக்கு ஏற்றிக்கொண்டது. இவரும் வேர்க்க விறுவிறுக்க ஏறினார். தனியாக விட்டால் அங்கேயும் ஒரு மனு எழுதிவிடுவார் என்று நானும் ஏறிக்கொண்டேன்.

உபகாரச் சம்பள ஆபீஸிலிருந்து போலீஸுக்கு அனுப்பியிருந்த படிவத்தை வெள்ளைக்கார அதிகாரி நீட்டினார். கலாவதி அதைப் படித்து எனக்குத் தமிழில் முணுமுணுத்தாள். ‘காட்டில் இருக்கும் எங்கள் ஆட்களுக்குத் தினமும் சோறு கொண்டு போகிறேன். காயம்பட்டவர்களுக்குக் கட்டுப் போடுகிறேன். யார் தடுத்தாலும் நிறுத்தமாட்டேன்.’

பாவி மனுஷன்! வேலைக்காட்டை ஜங்கிள் ஆக்கியிருக்கிறார். பழைய கதைக்கு மதிப்பில்லை என்று நேற்றையதை இன்றையதாக்கியிருக்கிறார். கடைசி வரி அழுத்தத்துக்காக அவராகவே சேர்த்தது. அந்தக் காலத்தில் இதற்கு ஜெயில் நிச்சயம், அதற்கு மேலேயும் உண்டு.

இதை எழுதியது யார் என்று அதிகாரி கேட்டார். அடியில் கலாவதியின் கையெழுத்து இருந்தது. கிராணியைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. இவரைப் பார்த்தேன். தோட்டத்துத் துரை உரக்கக் கூப்பிட்டாலே கக்கூஸுக்கு ஓடுகிற ஆள் ஒரு அடி முன்னால் வந்தார்.

“நான்தான் எழுதினேன் சார். இந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது.”

இங்கிலீஷில் அவ்வளவுதான் சொன்னார். ‘பணிவுடன்’, ‘தாழ்மையுடன்’ என்ற மனு வார்த்தைகள் இல்லாமல் அவர் வாயிலிருந்து வந்த முதல் இங்கிலீஷ் அதுதான் என்று கலாவதி பின்னால் சொன்னாள். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அப்போதே போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் கலாவதி பேசினாள். “அது ஜங்கிள் இல்லை சார், உங்கள் ரப்பர் மரம்தான். அப்போது எனக்குப் பத்து வயது.” அதிகாரி தோட்டத்துக்குப் போன் போட்டு துரையிடம் கேட்டார். துரை அந்தப் பக்கம் சிரித்த சிரிப்பு எங்கள் காதுவரை கேட்டது. வேறு தாள் கொடுத்து, நீயே எழுது, நான் அனுப்பிவைக்கிறேன் என்றார் அதிகாரி. ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து கலாவதி அரைப் பக்கம் எழுதினாள். சோறு, காயம், கிழித்த துணி. இவர் எட்டிப் பார்த்து, ஒரு ‘பணிவுடன்’கூட இல்லையே என்று பெருமூச்சு விட்டார்.

உபகாரச் சம்பளம் கிடைத்தது. தை மாதம் கல்யாணத்துக்குப் பதிலாகக் கப்பல்.

இங்கிலாந்திலிருந்து வந்த முதல் கடிதம் இவர் பேருக்கு. ‘கிராணி ஐயா அவர்களுக்குப் பணிவுடன் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்வது. என் அப்பா இன்னும் உயிரோடு இருக்கிறார் என்று நம்புகிறேன்.’ படித்துவிட்டுச் சிரித்தார். பிறகு அடுப்புப் புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுப்பை நான் இன்னும் பற்றவைக்கவே இல்லை.

அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தார். நாலு பக்கம் ஆகும் என்று நான் உலை வைக்கப் போனேன். அரிசி களைவதற்குள் எழுந்து வந்து தாளை நீட்டினார்.

‘செல்லன் உயிரோடு இருக்கிறான். தினமும் உன்னைப் பற்றித்தான் பேசுகிறான். வேளைக்குச் சாப்பிடு.’