சித்தப்பாவின் மிஞ்ஞாக்

என் சித்தப்பா மோகனராஜுக்குக் காது கூர்மை. பிறை என்ற ஊரிலுள்ள ஒரு தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடமாகக் குழாய் பொருத்துகிறார். இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவில், எங்கோ ஒரு மூட்டில் நீராவி கசியும் சத்தத்தைத் தனியாகப் பிரித்துக் கேட்டுவிடுவார் என்று அவருடன் வேலை செய்யும் இம்ரான் சொல்வான். மனிதர்கள் பேசுவதுதான் அவர் காதில் விழாது. நான் ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு டத்தோ கிராமாட்டில் அவர் அடுக்குமாடி வீட்டில் வந்து தங்கிய இரண்டாவது வாரமே எனக்கு இது தெரிந்துவிட்டது.

அன்று காமினி சித்தி நெத்திலி சம்பல் வைத்திருந்தார். சித்தப்பா தட்டைத் தள்ளிவிட்டு, வடிகட்டிய கஞ்சித் தண்ணீரை எடுத்துக்கொண்டார்.

“ஏன் சித்தப்பா, சம்பல் வேணாமா?”

“குடல்ல ஓட்டை, பாப்பா.” மழை வரும் போலிருக்கிறது என்பதுபோலச் சொன்னார்.

எதிர்வீட்டுக் காமாரியா கண்டுபிடித்த நோய் இது. வயிற்று உப்புசம், களைப்பு, மாடிப்படி ஏறினால் தலைசுற்றல் என்று சித்தப்பா புலம்பியதைக் கேட்டுவிட்டு, “உசுஸ் போச்சோர்” என்று அவள் சொல்லியிருக்கிறாள். குடல் கசிகிறதாம். கைப்பேசியில் படம் காட்டி, அதை அடைக்கும் என்று ஒரு தூளையும் விற்றுவிட்டாள். வேறு யாராக இருந்தாலும் தூளைக் கரைத்துக் குடித்துவிட்டு சம்பலையும் சாப்பிட்டிருப்பார்கள். சித்தப்பா குழாய்க்காரர். கசிவு என்று தெரிந்தால் முதலில் வால்வை மூட வேண்டும். வாயை மூடிவிட்டார்.

இரண்டு மாதத்தில் எட்டு கிலோ குறைந்திருந்தது. இடுப்பு வாரில் ஆணி அடித்துப் புதிதாக இரண்டு துளை போட்டிருந்தார்.

“இந்த ஓட்டைய மட்டும் அடைக்க மாட்டாரு,” என்றார் சித்தி.

நான் விளக்கத் தொடங்கினேன். குடலின் உள்சுவர் ஒரே ஒரு வரிசைச் செல்களால் ஆனது. செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே உள்ள இணைப்புகள் கொஞ்சம் திறக்கும், கொஞ்சம் மூடும். சாப்பாட்டின் சத்து அந்தச் சுவரைத் தாண்டித்தான் இரத்தத்துக்குப் போகிறது. எதையும் உள்ளே விடாத குடல் இருந்தால் நாம் பட்டினியில் செத்துப்போவோம். சில நோய்களில், சில மருந்துகளால், அந்த இணைப்புகள் அளவுக்கு மீறித் தளர்ந்துவிடுகின்றன. அப்போதும் அது ஓட்டை இல்லை. ஏன் தளர்ந்தது என்றுதான் பார்க்க வேண்டும்; சும்மா தூளைக் கொட்டி அடைக்க முடியாது. ஒழுங்காகச் சாப்பிட வேண்டும். கீரை, பருப்பு, சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் தெம்பே, தயிர். குடலில் வாழும் நல்ல கிருமிகளுக்கும் தீனி வேண்டாமா?

சித்தப்பா பொறுமையாகக் கேட்டார்.

“அப்ப லீக் ஆவுதுதானே?”

“லீக் இல்ல சித்தப்பா!”

“லீக் இல்லன்னா ஏன் லீக்குனு பேரு வெச்சான்?”

எனக்கு அழுகை வந்தது. ஒரு வாரம் முழுக்க இதே பேச்சு. காகிதத்தில் வரைந்தேன். குளியலறைச் சுவரைக் காட்டி, ஓடுகளுக்கு நடுவே பூசியிருக்கும் சிமெண்டைச் சுரண்டிக்கூடக் காட்டினேன். “அத ஏன் சொரண்டுற? தண்ணி கீழ்வீட்டுக்கு எறங்கும்லா,” என்று என்னைத்தான் திட்டினார்.

கடைசியில் சித்தி போட்ட சண்டையில் அரசாங்கக் கிளினிக்குக்கு வந்தார். டாக்டர் சுஹானா இளையவர், நிதானமானவர். ஏதாவது ஊபாட், அதாவது மருந்து, சாப்பிடுகிறீர்களா என்று மலாயில் கேட்டார்.

“ஊபாட்டா? ஒண்ணும் இல்ல, டாக்டர்,” என்றார் சித்தப்பா, அவரும் மலாயில்.

“முட்டியைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறீர்களே, வலிக்கிறதா?”

“வலிதான். மிஞ்ஞாக் போடுறேன். அதோட சரி.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நானும் தலையாட்டினேன். மிஞ்ஞாக் என்றால் எண்ணெய். இங்கே எந்த வீட்டு அலமாரியைத் திறந்தாலும் வலிக்குத் தேய்க்கும் தைலம் நாலு சீசா உருளும். குழாய்க்கு அடியில் மண்டியிட்டு மண்டியிட்டுச் சித்தப்பாவின் இரண்டு முட்டியும் தேய்ந்துபோனவை. காலையில் அவர் மோட்டார் சைக்கிளை எடுக்கும் முன் “மிஞ்ஞாக் போட்டாச்சா?” என்று சித்தி கேட்பதை நான் தினமும் கேட்டிருக்கிறேன்.

இரத்தச் சோதனையில் இரும்புச்சத்து அடிமட்டத்தில் இருந்தது. எங்கோ இரத்தம் போகிறது, பெரிய மருத்துவமனைக்கு எழுதித் தருகிறேன், ஸ்கோப் விட்டு வயிற்றுக்குள் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். சித்தப்பா கையெழுத்துப் போட மறுத்தார்.

“உள்ள காத்து அடிப்பாங்களாம். ஓட்டை பைப்புல யாராச்சும் பிரஷர் கட்டுவாங்களா? வெடிச்சிரும்.”

“வெடிக்காது சித்தப்பா.”

“நீ எத்தன பைப்பு மாட்டியிருக்க?”

நான் ஒன்றும் மாட்டியதில்லை. இரத்தம் போய்க்கொண்டிருக்கிறது, இடம் தெரியவில்லை, பார்க்கவும் விடமாட்டேன் என்கிறார். வீட்டுக்கு வந்து கதவை அறைந்து சாத்தினேன்.

இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, இம்ரான் வந்தான். சித்தப்பா விடுப்பில் இருந்ததால் பார்க்க வந்திருந்தான். மின்தூக்கி வேலை செய்யாததால் நாலு மாடி ஏறி மூச்சு வாங்கியது அவனுக்கு.

“என்னண்ணே, கீலாங்குல உங்க சட்டைய மட்டும் ஆணில மாட்டி வெச்சா உங்கள மாதிரியே இருக்கும் போல,” என்றான். கீலாங் என்று அவர்கள் சொல்வது தொழிற்சாலையை. பிறகு சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தான். “இந்தாங்க, மிஞ்ஞாக். தீந்திருக்கும்லா.”

அது ஒரு மாத்திரை அட்டை.

நான் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். வலி மாத்திரை. மேலே இருந்த பெயர் எனக்கும் தெரிந்ததுதான். பயணத்தில் ஒருமுறை பல்வலிக்குத் தந்தபோது, வெறும் வயிற்றில் போடாதே, மூன்று நாளைக்கு மேல் போடாதே என்று மருந்துக்கடைக்காரர் இரண்டு தடவை சொன்னார்.

“இதுக்குப் பேரு மிஞ்ஞாக்கா?”

“ஆமாக்கா. செயின் காஞ்சா மிஞ்ஞாக் ஊத்துறோம்ல, அது மாதிரி முட்டிக்கு. கீலாங்குல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம்.”

சித்தி காலையில் கேட்பது தமிழில். எண்ணெயும் போடுவதுதான். மாத்திரையும் போடுவதுதான். தமிழ் என்னை நன்றாகக் கவிழ்த்துவிட்டது.

“ஒரு நாளைக்கு எத்தன சித்தப்பா?”

“காலையில ஒண்ணு, ஷிப்ட் நடுவுல ஒண்ணு. ஓவர்டைம்னா இன்னொண்ணு.”

“எத்தன வருசமா?”

“நாலு இருக்கும்.”

“இப்ப சாப்பிடாம வெறும் வயித்துலயா?”

“பால் ஊத்தாம கோப்பி ஓ குடிப்பேனே.”

“வெளிக்கு எப்படிப் போவுது? கருப்பாவா?” வயிற்றுக்குள் இரத்தம் கசிந்தால் அப்படித்தான் போகும்.

அவர் இம்ரானைப் பார்த்தார், வெட்கத்தோடு. “கோப்பி ஓ குடிச்சா கருப்பாத்தானே போவும்.”

“டாக்டர் கேட்டாங்களே, ஊபாட் சாப்பிடுறீங்களான்னு!” நான் கத்தினேன். எதிர்வீட்டில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

“ஊபாட்டுன்னா டாக்டர் குடுக்குறது. இது மிஞ்ஞாக்குலா, பாப்பா.”

சித்தி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “நான்தான் தினமும் எடுத்துக் குடுத்தேன்,” என்றார்.

யாரைக் கோபிப்பது என்று தெரியாமல் சமையலறையில் போய் நின்றேன். திரும்பி வந்து ஒன்றே ஒன்று கேட்டேன். “கீலாங்குல ஒரு பைப்பு உள்பக்கமா அரிச்சுப்போவுது. நீங்க என்ன பண்ணுவீங்க?”

“உள்ள என்ன ஓடுதுன்னு பாப்பேன்.”

“டேப்பு சுத்த மாட்டீங்களா?”

“ஆசிட் ஓடுனா டேப்பு என்னா செய்யும்?” என்றவர் நிறுத்திக்கொண்டார். மேசைமேல் இருந்த அட்டையைப் பார்த்தார். இம்ரான் மெதுவாக அதை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொள்ளப் போனான்.

“வை தம்பி,” என்றார் சித்தப்பா. “டாக்டர்கிட்ட காட்டணும்.”

அன்று சாயங்காலமே அவசரப் பிரிவுக்குப் போனோம். அட்டையைப் பார்த்ததும் அங்கே யாரும் தூளைப் பற்றியோ கசிவைப் பற்றியோ பேசவில்லை. மறுநாள் ஸ்கோப். கையெழுத்துப் போடும்போது மட்டும், “காத்தக் கொறச்சு அடிக்கச் சொல்லு,” என்று என் காதில் சொன்னார். வயிற்றில் பெரிய புண் ஒன்று, சின்னது இரண்டு. இரத்தம் அங்கிருந்துதான் போயிருக்கிறது. ஓட்டை எங்கும் இல்லை.

பிறகு கிளினிக்கில் டாக்டர் சுஹானா விளக்கினார். இந்த மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கும், குடல் சுவரின் இணைப்புகளையும் தளர்த்தும். நிறுத்தினால் பெரும்பாலும் சுவர் தானே தேறிவிடும். பட்டினி கிடக்காதீர்கள், கீரை, பருப்பு, தெம்பே எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். நான் ஒரு வாரம் தொண்டை கிழியச் சொன்ன அதே வார்த்தைகள். சித்தப்பா பேருந்தில் வழியெல்லாம் வியந்துகொண்டே வந்தார்.

“எவ்வளவு அழகா சொல்றாங்க பாத்தியா! ஒனக்கு இதெல்லாம் தெரியுமா?”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இப்போது சாப்பிடுகிறார். இடுப்பு வாரில் ஒரு துளை தளர்ந்திருக்கிறது. காமாரியா தூளின் மீதியைத் திருப்பி எடுத்துக்கொண்டு, இப்போது மூட்டுக்கு ஒரு தூள் இருக்கிறது என்றிருக்கிறாள். முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. மின்தூக்கி இன்னும் சரியாகவில்லை; மாத்திரை இல்லாமல் நாலு மாடி இறங்க அவருக்கு இருபது நிமிடம் ஆகிறது; ஒவ்வொரு மாடியிலும் கைப்பிடியைப் பிடித்து நிற்கிறார். இயன்முறை மருத்துவப் பிரிவில் தேதி கிடைக்க இரண்டு மாதம் ஆகும் என்கிறார்கள். அதுவரை என்ன செய்வது என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது.

நேற்று வேலையிலிருந்து வந்து கால்களை நீட்டி உட்கார்ந்தார்.

“பாப்பா, கொஞ்சம் மிஞ்ஞாக் போட்டு விடுறியா?”

“எந்த மிஞ்ஞாக்?” என்றேன்.

சீசாவை என் கையில் கொடுத்தார். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளங்கையில் ஊற்றினேன்.