பத்து விரலும் ஒரு பேனாவும்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில், தகடு அடித்துப் பிராக்கெட் செய்யும் சிறிய கம்பெனி ஒன்றில் நான்தான் டிசைன் பிரிவு. பிரிவு என்றால் நான், ஒரு கம்ப்யூட்டர், கால் ஆடும் ஒரு மேசை. அந்தக் காலுக்கு அடியில் மடித்துச் செருகிய அட்டையைத் தவிர, சொந்தமாக எதையும் கண்டுபிடித்ததாக எனக்கு நினைவில்லை.

அப்படிப்பட்டவன் தலையில் போன வருடம் ஒரு சிக்கல் வந்து விழுந்தது. தகடு அடிக்கும் மூன்றாம் நம்பர் பிரஸ் மிஷினில் மேலிருந்து இறங்கும் அச்சு, தகட்டை அடித்துவிட்டு ஏறும்போது தகடும் அதில் ஒட்டிக்கொண்டு கூடவே போய்விடும். அந்த மிஷினை ஓட்டுபவர் பட்டாபிராமிலிருந்து ரயிலில் வரும் ஒரு அக்கா. அக்கா என்பது கம்பெனி வழக்கம். என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஒவ்வொரு தடவையும் அச்சுக்குக் கீழே கையை விட்டு, ஸ்குரூடிரைவரால் தகட்டை நெம்பி எடுப்பார். அந்த நேரத்தில் கால் தவறிப் பெடலில் பட்டால் அச்சு இறங்கி விரல் போய்விடும்.

"மாசக் கடைசிக்குள்ள புதுசா ஏதாவது யோசிங்க" என்றார் முதலாளி, ஸ்டோரில் கையெழுத்துப் போட்டு வாங்கிவரச் சொல்வதுபோல.

யோசனை வரவில்லை. வரவழைப்பது எப்படி என்று வீடியோ பார்த்தேன். பின்னால் ஒரு செடியை வைத்துக்கொண்டு பேசிய ஆசாமி, எல்லாம் பழக்கத்தில்தான் இருக்கிறது என்றார். ஐந்து மணிக்கு எழ வேண்டும். எழுந்ததும் மனதில் வருவதை மூன்று பக்கம் எழுத வேண்டும். போன் இல்லாமல் நடக்க வேண்டும். தினமும் ஏதாவது ஒன்றை வேறு மாதிரி செய்ய வேண்டும். அன்றே ஒரு நோட்டும், அமுக்கினால் முனை வெளியே வரும் பேனா ஒன்றும் வாங்கினேன்.

முதல் நாள் எழுதியது: 'மாவு தீர்ந்துவிட்டது. கேஸ் பதிய வேண்டும். பாத்ரூம் குழாய் சொட்டுகிறது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.' கடைசி வரியையே திரும்பத் திரும்ப எழுதி மிச்சப் பக்கங்களை நிரப்பினேன். மறுநாள் பார்த்தால் நோட்டில் டிக் அடித்திருந்தது. மனைவியைக் கேட்டேன்.

"மாவு வாங்கியாச்சு, கேஸ் பதிஞ்சாச்சு. குழாய் உங்க வேலை. அந்தக் கடைசி விஷயம் எனக்குக் கல்யாணத்தன்னிக்கே தெரியும்."

நடையாவது உருப்படும் என்று பார்த்தால், நான் குடியிருக்கும் கள்ளிக்குப்பத்தில் காலை ஐந்தரை மணிக்குக் கையில் ஒன்றும் இல்லாமல் நடக்கிறவன் ஊருக்குப் பொதுவானவன். முதல் நாள் இரண்டு வீட்டுக்குப் பால் பாக்கெட் வாங்கிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் எங்கள் குடியிருப்பின் செயலாளர் தண்ணீர் லாரி குழாயை என் கையில் திணித்தார்.

"சார், நான் யோசிச்சுட்டு இருக்கேன்."

"தாராளமா யோசிங்க தம்பி. குழாயை மட்டும் விட்டுடாதீங்க."

வேறு மாதிரி செய்வோம் என்று வேறு பஸ்ஸில் ஏறினேன். அது பூந்தமல்லியில் கொண்டுபோய் இறக்கியது. அரை நாள் லீவு போனது. இடது கையால் பல் தேய்த்த கதையைச் சொல்வதாக இல்லை.

தினமும் காலையில் அக்கா கேட்பார்: "இன்னா சார், ஐடியா வந்துச்சா?"

"வந்துகிட்டே இருக்கு."

"எந்த ஸ்டேசன்ல கீது?" கேட்டுவிட்டு இரண்டு கையையும் விரித்துக் காட்டுவார். "எண்ணிக்கோ. இன்னிக்கும் பத்து கீது."

நான் சிரிப்பேன். அவர் சிரிக்கமாட்டார்.

மூன்றாம் வாரம் ஒரு நாள் ஸ்குரூடிரைவர் அச்சுக்குள் மாட்டி நசுங்கியது. கொக்கிபோல வளைந்துபோன அதை என் மேசையில் கொண்டுவந்து வைத்தார்.

"இது வெரலா இருந்தா இன்னா சார் பண்ணுவ?"

வாயை மூடிக்கொண்டிருக்கலாம். நான் என் ஐந்து மணிப் பழக்கத்தை விளக்க ஆரம்பித்தேன்.

"ஊட்ல குந்திகினு எயுதினா மிஷினுக்கு எப்டி சார் தெரியும்? மிஷின் இங்க கீது. வந்து குந்து."

உறைத்தது. யோசனைக்காகப் பூந்தமல்லி வரை போனவன், இருபது அடி தள்ளியிருந்த பிரஸ் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்ததில்லை.

அன்றிலிருந்து தினமும் டீக்கு முன் அரை மணி அங்கே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். முதல் இரண்டு நாள் கிடைத்தது தலைவலி மட்டும். மூன்றாம் நாள் ஒன்று கண்ணில் பட்டது: அடிக்கும் முன் தடவும் எண்ணெய் குறைவாகப் பட்ட தகடு தானாக விழுகிறது, நிறையப் பட்டதுதான் ஒட்டிக்கொள்கிறது. எண்ணெயை நிறுத்தினால் அச்சு தேயும். என்ன செய்வது என்று தெரியாமல் பேனாவை அமுக்கிக்கொண்டிருந்தேன்.

"சார், அத்த டிக்கு டிக்குன்னு அமுக்காத. ஏற்கெனவே காண்டுல கீறேன்."

பேனாவைப் பார்த்தேன். ஒரு ஸ்பிரிங், ஒரு முனை. இதேபோல அச்சின் முகத்தில் ஒரு சின்னப் பின் இருந்தால், அடிக்கும்போது உள்ளே போகும். அச்சு ஏறும்போது ஸ்பிரிங் வெளியே தள்ளி, தகட்டை உதறிவிடும்!

அவசரப் புத்தியில் பேனாவின் ஸ்பிரிங்கையே மாட்டச் சொன்னேன். பதினோரு தகடு தாங்கியது. பிறகு தெறித்து டீ பிளாஸ்க் பக்கம் போய் மறைந்தது.

"பாரு சார், உன் ஐடியா பறந்துகினு போவுது!"

டூல் ரூமில் தடித்த ஸ்பிரிங் போட்டு மூன்று தடவை திருத்தினார்கள். நான்காம் தடவை தகடு டக்கென்று தானாகக் கீழே விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்தார்.

முதலாளி எல்லோரையும் கூட்டி, புதிதாக யோசிக்கும் பழக்கம் எப்படி வந்தது என்று என்னைப் பேசச் சொன்னார். "காலைல அஞ்சு மணிக்கு எழுந்து..." என்று நான் கூச்சமே இல்லாமல் தொடங்கியதும், பின்வரிசையில் அக்கா இருமினார். உட்கார்ந்துவிட்டேன்.

திங்கட்கிழமை டீக்கு முன் போனால் ஸ்டூலைக் காணோம். அக்கா அதை ஐந்தாம் நம்பர் பிரஸ் பக்கத்தில் கொண்டுபோய்ப் போட்டிருந்தார்.

"இனிமே அங்க குந்து சார். அத்த ஓட்டுற பொண்ணுக்கு நெகம் ரெண்டு தபா கருத்துப்போச்சு."

போய் உட்கார்ந்தேன். கை தானாகப் பேனாவை எடுத்து அமுக்கியது. சத்தம் வரவில்லை, அதில்தான் ஸ்பிரிங் இல்லையே.